ஆழம் போதாது

மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்தபோது மதிப்பெண் வந்திருந்தது. அறுபத்தெட்டு. கீழே ஒரு வரி: 'கருத்தோட்டம் நன்று. ஆனால் ஆழம் போதாது.' தொலைநிலை முதுகலையில் எங்களுக்கு வாய்த்த ஆலோசகர் எல்லோருக்கும் இதைத்தான் எழுதுவார். மாணவர்களின் வாட்ஸப் குழுவில் அவருக்கு ஆழம் சார் என்றே பெயர். எழுதியது யார், எழுதியது என்ன என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? இருந்தாலும் இந்தக் கட்டுரையில் எந்த இடம் போதவில்லை என்று பார்க்க எனக்கு ஆசை. காப்பீட்டு அலுவலகத்தில் என் மூலை மேசைக்குப் போய், அவர் திருத்திய கோப்பைத் திறந்தேன்.

'குடியிருப்போர் கவனத்திற்கு. மாடித் தொட்டி கழுவுவதால் செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் வராது. முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளவும். அன்று மாடியில் துணி காயப்போட வேண்டாம்.'

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். நோட்டீசையும் கட்டுரையையும் ஒரே மாலையில் முடித்து, இரண்டுக்கும் 'கடைசி' என்று பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்தது நோட்டீஸ். அந்த மகானுபாவர் துணி காயப்போட வேண்டாம் என்ற இடத்தில் சிவப்பில் ஒரு டிக் வேறு போட்டிருந்தார். அதில் என்ன கருத்தோட்டத்தைக் கண்டாரோ.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நிஜக் கட்டுரை நினைவுக்கு வந்தது. எங்கள் கட்டடத்தில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றியது என் கட்டுரை. ஒருத்தி சண்டை போட்டு நின்றுவிட்ட வீட்டுக்கு, அவள் சரி என்று சொல்லாமல் இன்னொருத்தி போகமாட்டாள். எத்தனை கெஞ்சினாலும் போகமாட்டாள். இப்படி அவர்களுக்குள் இருக்கும் சட்டதிட்டங்களை எல்லாம் மாதக்கணக்கில் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா ஒருநாள், "இதெல்லாம் யாரும்மா படிக்கப்போறா?" என்று கேட்டாள். "பெரிய வாத்தியார் ஒருத்தர் படிப்பாரு" என்று பெருமையாகச் சொன்னேன். வாத்தியார் படித்த லட்சணம் இது.

உண்மையைச் சொன்னால் மதிப்பெண் ரத்தாகும். மறுபடி அனுப்பக் கெடு முடிந்துவிட்டது. எனக்கு அனுமதித்த கடைசி வருடமும் இதுதான். பட்டம் போனால், அதை நம்பியிருந்த அதிகாரி பதவி உயர்வும் போகும். இத்தனை வருடம் எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர்களுக்கு நான் வணக்கம் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாலையில் சொன்னதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம தொட்டி எம்.ஏ. பாஸ் பண்ணிடுச்சா!" என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பேசாம இரு. வந்தத வாயால கெடுத்துக்காத." அவர் சொன்னது நியாயமாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அறையில் ஆழம் சார் பாடப்புத்தகத்தைக் கடனே என்று வாசித்துத் தள்ளினார். நடுவில் ஃபோன் வந்தால் விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவார்; முடித்ததும் விரல் இருந்த இடத்திலிருந்து வாசிப்பார். எல்லோரும் போனபின் அவர் மேசைக்குப் போனேன்.

"சார், என் கட்டுரையில எங்க ஆழம் போதல?"

அவர் நிமிரவில்லை. "பொதுவாவே மேம்போக்கா இருக்கும்மா. இன்னும் உள்ள எறங்கியிருக்கணும்."

"தொட்டிக்குள்ளயா சார்?"

"ஆமா, அதேதான்."

கோப்பைத் திறந்து ஃபோனை அவர் முன்னால் வைத்தேன். அந்த மனிதர் ஒரு மாணவியின் எழுத்தை முழுதாகப் படித்ததை அன்றுதான் பார்த்தேன். படித்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"இத வேற யாருக்காவது அனுப்பினீங்களா?"

"இல்ல சார்."

"வெளிய சொன்னா உங்க மார்க்தாம்மா போகும். எனக்கென்ன வந்துச்சு?" என்றவர், கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். குரல் இறங்கியது. "வேணும்னா எம்பதாக்கிடறேன். மாத்தறதுக்கு இன்னைக்கு வரைக்கும் டைம் இருக்கு."

இவர் முகத்தில் வீசுவதற்கென்று நாலு நாளாக வார்த்தைகளைக் கூர்தீட்டி வைத்திருந்தேன். அதற்குப் பதில் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு, நிஜக் கட்டுரையை எடுத்து நீட்டினேன். மார்க் வேண்டாம், இதைப் படியுங்கள் என்று சொல்வதாகத்தான் கிளம்பியிருந்தேன்.

"இதப் படிச்சுட்டுப் போடுங்க சார்" என்றது என் வாய்.

அவருக்கு உயிர் வந்தது. "படிக்கறேன், படிக்கறேன். உக்காருங்கம்மா."

இடது கையில் கட்டுரையை வாங்கிக்கொண்டார். வலது கையில் அவருடைய ஃபோன். கட்டைவிரல் அதில் எதையோ தேடி அழுத்தியது. என் பைக்குள் ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. எண்பதாகத்தான் இருக்கும்; எடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது? முதல் பக்கம் இன்னும் புரளவில்லை. "உங்க முயற்சி நல்லா தெரியுதும்மா" என்றார், அட்டையைப் பார்த்தபடி.

மின்சாரம் போனது. மேலே விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. ஆழம் சார் "ச்சே" என்று சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு, கையில் இருந்ததை வைத்து விசிற ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில், எதிரே ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாளே என்ற மரியாதை வந்திருக்க வேண்டும். எனக்கும் காற்று வரட்டும் என்று கையைச் சற்று என் பக்கம் சாய்த்து வீசினார்.

நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை. தடிமனான கட்டுரை. காற்று நன்றாகத்தான் வந்தது.