ஒரே பனையில் இரண்டு பிழைப்பு

சிவக்கொழுந்து அண்ணாந்து பார்த்தாள். அரியாலை ஊருக்குக் கிழக்கே இருந்த அவர்களுடைய பனங்கூடலில், காய்க்கிற பெண்பனைகளில் எல்லாம் கள்ளு முட்டி தொங்கியது. பாளையைச் சீவினால் அந்த வருசம் காய் இல்லை. காய் இல்லாவிட்டால் கிழங்கு ஏது, கிழங்கைக் கீறிக் காயவைக்கிற ஒடியல் ஏது?

அந்த ஒடியலை நம்பித்தான் மகள் அருந்ததி பட்டணத்தில் பள்ளிக்கூட விடுதியில் இருந்தாள். காசிருந்தும் அரிசி வாங்க முடியாமல் நாடே அல்லாடிய எழுபத்து நான்காம் ஆண்டு அது. சாப்பாட்டுச் சாமான் கொண்டுவரும் பிள்ளைகளைத்தான் வைத்திருக்க முடியும் என்று விடுதிப் பொறுப்பாளர் பியாட்றிஸ் சொல்லிவிட்டார். சிவக்கொழுந்து வருசா வருசம் ஒடியல் தருவதாக ஒப்புக்கொண்டு வந்தாள். புருசன் ஆழ்வாப்பிள்ளையிடம் மூச்சு விடவில்லை. பிச்சைக்குப் போனீரா என்று குதிப்பார். ஆட்டுக்குட்டி விற்ற காசைக் கட்டுவதாகச் சொல்லி வைத்திருந்தாள். குசினிப் பக்கம் எட்டியும் பாராத, ஒடியல் பானை குறைவதை அறியாத அந்த மனுசனும் அதை நம்பினார்.

மரத்தால் இறங்கிய சீவல்காரன் நடராசா, "ஐயாதான் குத்தகைக்கு விட்டவர், அம்மா" என்றான். அவனை ஏசி என்ன பயன்? நேரே ஆழ்வாப்பிள்ளை நின்ற தோட்டத்துக்கு, வெங்காயத் தறைக்குப் போனாள்.

"இஞ்சாருங்கோ, ஆரைக் கேட்டுக் காய்க்கிற மரத்தைச் சீவ விட்டனீங்கள்?"

"ஏன் கத்திறீர்? வெங்காயம் முழுக்க அழுகிப் போச்சு. உம்மடை ஆடுகள் எத்தினை நாளைக்குப் பிள்ளையின்ரை காசைக் கட்டும்? ஒண்டு போனா இன்னொண்டு வேணுமெண்டுதான் விட்டனான். ஒரு வருசம் ஒடியல் தின்னாட்டில் செத்தா போவம்?"

அவள் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். ஆழ்வாப்பிள்ளை வரம்பில் குந்திவிட்டார்.

"முந்தியே சொல்லியிருக்கலாமே" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

வெட்டிய பாளையை ஒட்டவா முடியும்? தங்கள் சாப்பாட்டுக்கென்று காயப்போட்டிருந்த ஒடியலை இருவருமாக அள்ளிப் பானையில் போட்டு வாயைக் கட்டினார்கள். அது அடுத்த வருசத்து விடுதிப் பங்கு. மரவள்ளி கிடைத்த நாளில் மரவள்ளி, கிடைக்காத நாளில் முருங்கையிலை என்று அவர்கள் பாடு போனது.

ஆவணி விடுமுறைக்கு வந்த அருந்ததி படலையைத் திறக்கும்போதே சிணுங்கினாள்.

"அம்மா, விடுதியிலை எந்த நாளும் ஒடியல்தான். எனக்கு அலுத்துப் போச்சு. இஞ்சையும் அதைக் காய்ச்சிப்போடாதேங்கோ."

"இல்லைப் பிள்ளை, காய்ச்சேல்லை" என்றாள் சிவக்கொழுந்து. ஆழ்வாப்பிள்ளை மகளின் முகத்தைப் பாராமல் எழுந்து கிணற்றடிக்குப் போனார்.