பின்னோக்கி நடந்த கண்டக்டர்

பஸ் போட்ட ஒரு பிரேக்கில் படியருகே விழுந்த நாளிலிருந்து, கண்டக்டரின் இடது கால் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஸ்கேனில் எலும்பு, தண்டுவடம், மூளை எல்லாம் சரியாகவே இருந்தன. முதலில் பார்த்த டாக்டர் சீட்டில் ‘ஹிஸ்டீரியா’ என்று எழுதி, ஒன்றுமில்லை, தைரியமாக இருங்கள் என்று அனுப்பிவிட்டார். தைரியத்துக்குக் குறைச்சலில்லை, கால்தான் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. மூன்று மாதத்துக்குள் தகுதிச் சான்றிதழ் வராவிட்டால், டிப்போவில் தொலைந்த பொருட்கள் அறைதான் நிரந்தரம் என்றார் மேலாளர். பதினெட்டு வருடம் ஓடும் வண்டியில் நின்றவளுக்கு, குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் காவல் இருப்பதை நினைத்தாலே கசந்தது.

இதற்கு நடுவே ஒரு ரகசியம். ஒருநாள் பாத்திரத்தைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்க, சட்டென்று நாலு எட்டு பின்வாங்கினாள். கால் இழுக்கவில்லை. முன்னால் வந்தாள், இழுத்தது. பின்னால் போனாள், சமர்த்தாக வந்தது. சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். யாராவது பார்த்தால் நடிப்பென்று முடிவுகட்டிவிடுவார்கள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

புது நரம்பு டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனவள் நாத்தனார். கணவனின் தங்கை, கணக்கு டீச்சர், காப்பியடிக்கும் பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்தே கண் கூர்மையானவள். ஒரு மாதமாக வீட்டுவேலை முழுக்க அவள் தலையில் விழுந்திருந்தது.

டாக்டரம்மா பழைய சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். இந்த வார்த்தைக்கு வயது அதிகம் என்றார். ஒரு காலத்தில் கர்ப்பப்பை இடம்பெயர்ந்து உடம்புக்குள் ஊர் சுற்றுகிறது என்றார்களாம். பிறகு நரம்பு பலவீனம் என்றார்கள். அதற்கும் பிறகு, சொல்லாமல் அடக்கிய ஆசை என்றார்கள்.

“கர்ப்பப்பையா? அண்ணிக்கு அதை எடுத்து மூணு வருஷமாச்சு டாக்டர். எங்க இருந்து சுத்தும்?” என்றாள் நாத்தனார். அதே மூச்சில் கையிலிருந்த துருப்புச்சீட்டையும் இறக்கினாள். “இவங்க பின்பக்கமா ஜம்முனு நடக்கிறாங்க. சமையலறையில என் கண்ணால பார்த்தேன்.”

கண்டக்டரின் கண்முன் குடைகளும் செருப்புகளும் வந்தன.

டாக்டரோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நடந்து காட்டச் சொன்னார். அவள் சுவரைப் பார்த்தபடி கதவுவரை பின்னோக்கிப் போனாள். அடுத்து அவளைப் படுக்கவைத்து, இடது குதிகாலுக்கு அடியில் நாத்தனாரின் உள்ளங்கையை வைத்தார். இடது காலை அமுக்கச் சொன்னபோது காற்றுப்போன டயர் மாதிரி கிடந்தது. வலது காலைத் தூக்கச் சொன்னதும் இடது குதிகால் தானாகவே கையை நசுக்கியது.

“இந்தச் சோதனையை வெச்சு, நடிக்கிறவங்களைப் பிடிச்சிட்டோம்னு நினைச்ச டாக்டருங்க நிறைய. நாங்க இப்ப முதல்ல காட்டுறதே நோயாளிகிட்டதான். கால்ல பலம் இருக்கு. நினைச்சுக் கூப்பிட்டா மட்டும் வரமாட்டேங்குது.”

“அப்ப நடிக்கலையா?” என்றாள் நாத்தனார்.

“நடிக்கிறவங்க பின்னாலயும்தானே நொண்டியிருப்பாங்க?”

நாத்தனார் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். விடை சரியாக வந்தது. கையைத் தடவிக்கொண்டே, “மன்னிச்சிடுங்க அண்ணி” என்றாள்.

அன்றிலிருந்து மொட்டைமாடியில் பயிற்சி. பத்து எட்டு பின்னால், பிறகு திரும்பி முன்னால். காலை நினைக்காமல் இருக்க ஏதாவது பேசியபடி. நாத்தனார் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லவைத்தாள். கண்டக்டர் வாய்ப்பாட்டையும் மறந்தாள், காலையும் இழுத்தாள். மூன்றாவது வாரம் பொறுமை போன நாத்தனார் மாடியின் மறுகோடியிலிருந்து கேட்டாள்: “உங்க வண்டி எங்க ஸ்கூல் ஸ்டாப்ல ஒருநாளாவது நின்னிருக்கா?”

“எந்த நாள்? எத்தனை மணி? சொல்லு பார்ப்போம். நீ வீட்டைவிட்டுக் கிளம்புறதே நாங்க போனதுக்கப்புறம்…”

மூக்கும் மூக்கும் இடிக்கும் தூரத்தில் வந்து நின்றபிறகுதான் இருவரும் கீழே பார்த்தார்கள். கால் தன்பாட்டில் வந்து சேர்ந்திருந்தது.

“அங்கேயே நில்லுங்க அண்ணி” என்று நாத்தனார் எதிர்முனைக்கு ஓடினாள். “இன்னும் கேக்க நிறைய இருக்கு.”

ஏழாவது வாரம் டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை வண்டியின் முதல் நடையில், நெருக்கித் தள்ளும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர் பின்படியிலிருந்து முன்படிவரை நேராக நடந்தாள். யாரோ ஒருவர், காலை மிதிக்கிறியே, கண் தெரியலையா என்று திட்டினார். மிதித்தது இடது கால். அவளுக்கு வாயெல்லாம் பல்.