இரண்டு கேன் நல்ல தண்ணீர்

அருளப்பு அண்ணனின் மொறிஸ் மைனர் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் புகுந்து பார்த்ததுமே எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பின்பக்கத்து ஸ்பிரிங் ஒன்று முறிந்திருந்தது. மாற்றுவது அரைநாள் வேலை. ஆனால் ஸ்பிரிங்கைக் காரோடு பிணைக்கிற போல்ட், அது நுழைந்திருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒரே துண்டாக இறுகிக் கிடந்தது. மற்றப் பக்கமும் அதே கதிதான். அறுபது வருஷத்துக் கார் இது. போல்ட்டை வெட்டி எடுக்கப்போய் அதைத் தாங்கும் தகடு கிழிந்துவிட்டால், இன்னொன்று தேடி நான் கொழும்பு முழுக்க அலைய வேண்டும்.

வாயை அடக்கத் தெரியாதவன் நான். "அண்ணே, இதை ஓட்டினீங்களா, இல்லாட்டிக் கடல்ல ஊறப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவர் காத்திருந்தார் போல. "பாத்தியா ஹாசிம், உன்ட வாயாலயே வந்திட்டுது. மூண்டு வருஷமா மருமகள் இதை ஆலங்குடாக் கடற்கரைக்குக் கொண்டுபோறா. உப்பில ஓட்டி ஓட்டி நாசமாக்கிப்போட்டா. சாவியை வாங்கிட்டன். இனி அவ தொட ஏலாது."

மருமகள் ஷானிகா, சிலாபத்துப் பிள்ளை. அவள் புருஷன், அண்ணனின் மகன் கிளைட்டன், இத்தாலியில் இருக்கிறான். இவள் ஆலங்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்கிறாள். விடிய ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும். அவர்கள் வீடு இருக்கும் எத்தாளையிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. சாவி போனால் வேலையும் போகும் என்பது எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கியும் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவளே குறிஞ்சிப்பிட்டிக்கு, என் கராஜுக்கு வந்தாள். கதிரை போட்டேன், இருக்கவில்லை.

"ஹாசிம் அண்ணே, என்னாலதான் பழுதாப் போச்சா? ஓம் எண்டா ஓம் எண்டு சொல்லுங்க. நான் காரை ஒரு நாளும் மணல்ல எறக்கினதில்ல. றோட்டோரம் நிப்பாட்டிட்டு நடந்துதான் போவன். மாமா நம்புறார் இல்ல. நீங்களும் கடல்தான் எண்டு சொல்லிட்டீங்களாம்."

"அது பகிடிக்குச் சொன்னது தங்கச்சி..." என்று இழுத்தேன்.

"அந்தப் பகிடியை மாமா ஊர் முழுக்கச் சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை பூசை முடிய நான் அம்மாட்டப் போறன். செய்யாததுக்குப் பேச்சு வாங்கிக்கொண்டு அந்த வீட்டுல இருக்க ஏலாது."

அவள் போனபிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்களையெல்லாம் இயக்கம் போகச் சொன்னபோது எனக்கு எட்டு வயது. செய்யாத குற்றத்துக்கு ஒரு பையோடு வீட்டைவிட்டு இறங்குவது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இப்போது என் வாய்க்கொழுப்பால் இன்னொருத்தி இறங்கப்போகிறாள். வெட்கமாக இருந்தது.

டீசலும் கியர் ஒயிலும் கலந்து இரண்டு நாள் அந்தப் போல்ட்டுகளுக்கு ஊற்றினேன். மசியவில்லை. பெரிய சுத்தியலால் அடித்ததில் என் தோள்தான் நொந்தது. கடைசி வழி நெருப்பு. பெற்றோல் டேங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு, காஸ் நெருப்பால் போல்ட்டைச் சிவக்கச் சுட்டு, உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் உள்ளேயிருக்கும் துரு வெடித்துப் பிடி விடும்.

சனிக்கிழமை காலை அதற்குத்தான் ஆயத்தமானேன். அருளப்பு அண்ணன் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார், இரண்டு கேன் தண்ணீரோடு.

"உன்ட பைப் தண்ணியில குளோரின் கிடக்கு, இரும்புக்கு ஆகாது. இது என்ட கிணத்து நல்ல தண்ணி. இதை ஊத்து" என்றார்.

மனிதர் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். கரைக்கு வந்ததும் போட் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் சோற்றில் கை வைக்கமாட்டார். காருக்கும் அதே சட்டம்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவ கடற்கரைக்குக் கொண்டுபோகத் தொடங்கின நாள்லேருந்து, ஒவ்வொரு பின்னேரமும் அடியில ஹோஸ் பிடிச்சுக் கழுவுறன். முக்கியமா பின்பக்கம். அவ்வளவு கழுவியும் இந்த நிலை எண்டா, எவ்வளவு உப்பைக் கொண்டு வந்திருப்பா, நீயே சொல்லு!"

அவர் கேனையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன். சுட்டேன், ஊற்றினேன், சுட்டேன், ஊற்றினேன். நாலாவது தடவை ஆவி அடங்கியதும் பார்த்தால், போல்ட் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. ஆறவிட்டு நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு.

"அது கடல் உப்பு" என்றார் அவர்.

பெட்டியிலிருந்து இரண்டு புதுப் போல்ட்டுகளை எடுத்தேன். ஒன்றைச் சுட்டு என் பைப் தண்ணீரை ஊற்றினேன், நாலு தடவை. லேசாக மங்கியது, அவ்வளவுதான். மற்றதைச் சுட்டு அவருடைய தண்ணீரை ஊற்றினேன். மூன்றாவது தடவையே வெள்ளை பூத்துவிட்டது. அதை ஆறவிட்டு அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவரும் நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

எத்தாளையில் யாருக்குத் தெரியாது? வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நாலாபக்கமும் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க, மணலுக்கடியில் இருந்த நல்ல தண்ணீர் வற்றி உப்பு ஏறிக்கொண்டு வருகிறது. சொந்தக் கிணற்றுத் தண்ணீர் நாக்குக்குப் பழகிவிடும், அதனால் எல்லாரும் அடுத்தவன் கிணற்றைத்தான் சொல்வார்கள்.

"என்ட கிணறு அப்படியில்ல..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

இன்னும் கொஞ்சம் ஏசலாம் என்று வாய் துடித்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. பாசத்தோடு கழுவிக் கழுவியே காரைத் துருவுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

"அவ கலியாணம் முடிச்சு வந்த புதுசில சொன்னவ, தேத்தண்ணி உப்பு எண்டு" என்றார் மெதுவாக. "சிலாபத்துத் தண்ணிக்குப் பழகின வாய் எண்டு நான்தான் ஏசினனான். பிறகு அவ சொல்லவேயில்ல."

சுத்தியலால் ஓர் அடி போட்டதும் காரிலிருந்த போல்ட் அசைந்தது. மற்ற நேரமென்றால் கத்தியிருப்பேன். இருவருமே சந்தோஷப்படவில்லை.

வெற்றுக் கேன்களையும் அவரையும் மோட்டர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எத்தாளைக்குப் போனேன். கதவோரம் ஷானிகாவின் பை கட்டி வைத்தபடி இருந்தது. அவள் எங்களைப் பார்த்தாள், உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். கோபம் இருந்தாலும் வந்தவனுக்குத் தேநீர் கொடுக்காத வீடல்ல அது.

அருளப்பு அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். 

"மகள், தேத்தண்ணி உப்பா?"

ஷானிகா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"ஓம் மாமா. மூண்டு வருஷமா."

அவர் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து நீட்டினார். "கார் இப்ப ஓடாது. அவன்ட கராஜில காலில்லாமத் தொங்குது. அதைக் கெடுத்தது நான்தான். எண்டாலும் சாவி உன்னட்ட இருக்கட்டும்."

அவள் உடனே வாங்கவில்லை. அவர் இன்னும் ஓர் அடி கிட்ட வந்து நீட்டியபிறகுதான் வாங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எப்ப முடியும் ஹாசிம் அண்ணே?"

"செவ்வாய்க்கிழமை."

"சரி. செவ்வாய்க்கிழமை நானே வந்து எடுக்கிறன்" என்றவள், கதவோரத்துப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.