அவிழ்த்துவிட்டவள்

நினைவு தப்பிய கிழவரோடு எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தனியாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று யாரோ பெயர் சொல்லாமல் பிரதேச செயலகத்துக்குப் போன் செய்திருந்தார்கள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் சுபாஜினி மறுநாளே பண்டாரவளையில் பூனாகலை பஸ் ஏறிவிட்டாள். அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போன வருடம் வேறொரு தேயிலைத் தோட்டத்தில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, ‘உடனடி ஆபத்து இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினோராம் நாள் அந்த வீட்டுக் குழந்தை அடுப்பில் விழுந்தது. உயிர் தப்பிவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து எந்த வீட்டு வாசலை மிதித்தாலும் அவள் முதலில் அடுப்பைத்தான் தேடுவாள்.

தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். மூன்றாம் காம்பராவின் கதவு வெளியே சங்கிலி போட்டிருந்தது. உள்ளே யாரோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

சங்கிலியை எடுத்துக் கதவைத் தள்ளினாள். இருட்டு கண்ணுக்குப் பழகியபிறகுதான் கட்டிலில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த கிழவரைக் கண்டாள். போனில் சொன்ன ரெங்கசாமி அவர்தான். அவருடைய வலது கணுக்காலைப் பழைய சேலைத் துண்டால் கட்டில் காலோடு கட்டியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்பு தண்ணீரும் மூடிவைத்த தட்டும் இருந்தன. அவரிடமிருந்து நாலைந்து அடி தள்ளி அடுப்பில் கங்கு இன்னும் சிவந்திருந்தது.

அந்தக் கங்கைப் பார்த்ததும் போன வருடத்துக் குழந்தை அவள் நினைவுக்கு வந்தது. தீப்பிடித்தால் இந்த மனுசன் எப்படி எழுந்து ஓடுவார்? செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். மண்டியிட்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். துணி பட்ட இடத்தில் தோல் கன்றிப்போயிருந்தது. கிழவர் அவளை மருத்துவிச்சி என்று நினைத்துக்கொண்டு, பிள்ளை சுகமாகப் பிறந்ததா என்று கேட்டார். சுகந்தான் என்று சொல்லி, பையிலிருந்த பிஸ்கட்டை அவர் கையில் கொடுத்தாள்.

இதை உடனே மேலே அறிவிக்க வேண்டும். லயத்தில் சிக்னல் இல்லை, கோயில் மேட்டுக்குப் போனால்தான் கிடைக்கும். கதவை இழுத்துச் சாத்தினாள். ஒரு மனுசனை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு மனம் வராததால் சங்கிலியை மட்டும் போடவில்லை.

மேலதிகாரி லீலாதேவி யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சை வளர்க்கமாட்டார். பிள்ளையைப் பதுளையில் ஒரு சிறுவர் இல்லத்திலும் பெரியவரை ஒரு முதியோர் இல்லத்திலும் சேர்க்க அறிக்கை தயார் செய்யும்படி சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு சுபாஜினி திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் பிஸ்கட் தூள்தான் மிச்சம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை லக்ஷிகா வாசலில் நின்றிருந்தாள். அவள் பார்வை காலிக் கட்டிலிலும் தரையில் கிடந்த சேலைத் துண்டிலும் போய், கடைசியில் சுபாஜினியின் முகத்தில் நின்றது.

“நீங்களா மிஸ் அவுத்தீங்க?”

சுபாஜினி தலையை ஆட்டினாள்.

“பள்ளிக்கூடம் போறப்ப மட்டுந்தாங்க கட்டுவேன். இல்லாட்டி தாத்தா பத்தாம் நம்பர் மலைக்குப் போயிருவாரு. அங்க மண்ணு பொளந்து கெடக்குங்க.”

பையை இறக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளை ஓடினாள். சுபாஜினியும் பின்னால் ஓடினாள். பள்ளத்திலிருந்து ஏறிய மூட்டம் பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. முந்தின கிழமை பெய்த மழையில் அந்த மலையில் வெடிப்பு விழுந்து, யாரும் போகக்கூடாதென்று மஞ்சள் நாடாப் பட்டி கட்டியிருந்தார்கள். கிழவர் முப்பது வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலை அது. செருப்பு வழுக்கி இரண்டு தடவை விழுந்தாள் சுபாஜினி. அவர் கீழே கிடந்தால் என்ன செய்வேன், இந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே அவளுக்கு ஓடவில்லை.

பட்டிக்கு அந்தப் பக்கம் கிழவர் நின்றிருந்தார். காலுக்கு மூன்றடி பின்னால் மண் வாய் பிளந்திருந்தது. சுபாஜினி தன்னை மறந்து “ஐயா” என்று கத்திவிட்டாள். அவர் மிரண்டு ஓர் எட்டுப் பின்னால் வைத்தார். காலடியிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து உருண்டது. அது போய் விழுந்த சத்தம் வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது.

லக்ஷிகா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். “கத்தாதீங்க மிஸ். பயந்துக்குவாரு.”

பிடிக்கப் போன சுபாஜினியின் கையை உதறிவிட்டுப் பிள்ளை பட்டிக்கடியில் குனிந்து போனாள். அவசரமில்லாமல் நடந்தாள். நடந்துகொண்டே, “சங்கு ஊதிட்டாங்க தாத்தா. வேல முடிஞ்சிருச்சு. வாங்க, தேத்தண்ணி குடிப்போம்” என்றாள். கிழவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பிள்ளையின் தோளில் கையை வைத்துக்கொண்டு நடந்து வந்தார். இருவரும் பட்டியைத் தாண்டும்வரை சுபாஜினி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தாண்டிய பிறகுதான் போய்க் கிழவரின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயந்தரம் அடுத்த காம்பரா இராக்கம்மாவின் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்து விசாரித்தாள். பிள்ளையின் அம்மா விஜயலெட்சுமி குவைத்தில் வேலை செய்கிறாள், ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கிறது. அப்பா விட்டுப் போய் வருடக்கணக்காகிறது. போன் செய்தது தான்தான் என்று இராக்கம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். தாத்தாவின் நிலைமை வெளியே தெரிந்தால் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து பிள்ளை யாரையும் உள்ளே விடுவதில்லையாம். இராக்கம்மா கொழுந்து வேலையிலிருந்து நின்று ஒரு வருடம் ஆகிறது; அன்று பகல் கடைக்குப் போயிருந்தாளாம். பகலில் கிழவரோடு இருக்க முடியுமா என்று கேட்டதற்கு, வந்து இருப்பேன் என்றாள்.

இருவரையும் பிரிக்கச் சொன்ன அறிக்கைக்குப் பதிலாக, வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் ஒரு திட்டத்தைச் சுபாஜினி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். பள்ளிக்கூட நேரத்தில் இராக்கம்மா கிழவரோடு இருப்பாள், காலைச் சமையலும் அவள் வீட்டில்தான். மாதம் ஒருமுறை பதுளையில் கிளினிக். பிள்ளை இனி யாரையும் கட்ட வேண்டியதில்லை. தான் அவரை அவிழ்த்துவிட்டதையும் அதனால் நடந்ததையும் அறிக்கையில் மறைக்காமல் எழுதினாள்.

லீலாதேவி அதை இரண்டு தரம் வாசித்தார். “ஒரு மாதம்தான் தாறன். ஏதும் நடந்தா உம்மடை கையெழுத்துத்தான் நிக்கும்” என்றார்.

அந்த ஒரு மாதமும் சுபாஜினி போன் மணி அடித்தாலே பதறினாள். ஒரு நாள் கிழவர் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரைக்கும் போய்விட்டார். இராக்கம்மா மறித்துக் கூட்டி வந்தாள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மாத முடிவில், தாய் வரும்வரை திட்டத்தைத் தொடரலாம் என்று அலுவலகக் கூட்டத்தில் முடிவானது.

இதைச் சொல்வதற்காகவே சுபாஜினி தோட்டத்துக்குப் போனாள். பிள்ளை சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். லக்ஷிகா சிரிக்கவில்லை. தாத்தாவின் மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டாள்.

“ஏன்டாம்மா?”

“சொல்லிட்டு வாங்க மிஸ். திடீர்னு உங்களப் பாத்தா பயமா இருக்கு.”

சொல்லாமல் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பது அலுவலகத்து விதி. அது தெரிந்தும் சுபாஜினி நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினாள். பிறகு, அடுத்த மாதம் பதினேழாம் திகதி, புதன்கிழமை என்று சொன்னாள். பிள்ளை அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.