வாளிக்குள் ஒரு கோடு

இப்போதெல்லாம் ஒரு மனுஷனை நிம்மதியாக வலியோடு இருக்க விடுவதில்லை. விரல் சுளுக்கினால்கூடக் காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை பயிற்சி செய் என்று ஒரு கணக்கைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். லாரியில் மூட்டை ஏற்றி இறக்கியே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டினவன் நான். வலித்தால் படு, விட்டால் எழுந்திரு. அதுக்குமேல் வைத்தியம் எனக்குத் தெரியாது. படிப்பும் மூணாவதோடு சரி.

என் மகள் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவள். அவளுக்குக் கீழே ஆறு பேர். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்தாள். இடது இடுப்பு மூட்டில் பந்து மாதிரி இருக்கிற எலும்புக்கு ரத்தம் போகாமல் அது நொறுங்கிக்கொண்டு வருகிறதாம். மூட்டையே மாற்றணும். ஆறு வாரம் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அதிலும் ஒரு கொக்கி வைத்தார்கள். முதலில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோ அம்மா சோதித்துப் பார்ப்பாளாம், உடம்பில் பலம் போதவில்லை என்றால் தேதி நாலு மாசம் தள்ளிப்போகுமாம். தள்ளிப்போனால் அவள் ஒப்புக்கொண்டிருக்கிற ஏழு மாடிக் கட்டட வேலை வேறொருத்தன் கைக்குப் போய்விடும். ஆறு பேரும் அவன் பின்னால் போய்விடுவார்கள்.

அதனால் கெட்டுப்போன இடத்தை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் வேலை வாங்கினாள். கை, தோள், வயிறு, வலது கால். எடைக்கு இரண்டு காலி பெயிண்ட் வாளி. உள்ளே பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்து, அதுவரை தண்ணீர் ஊற்றி, மூடி போட்டுக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து வாளியைத் தூக்குவாள். பிறகு வலது காலில் பாரத்தைப் போட்டு எழுவாள். மூக்கு நுனியில் வியர்வை சொட்டும். மூட்டில் சுருக்கென்றால் நிறுத்தணும் என்பது பிசியோ அம்மா போட்ட சட்டம். நிறுத்துவாள். நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு, திரும்பவும் தொடங்குவாள்.

"அம்மாடி, இருக்கிற நல்ல காலையும் கெடுத்துக்காதே."

"அந்தக் கால்தானேப்பா இந்தக் காலையும் சேர்த்துச் சுமக்கணும்?"

வாய்க்கு மட்டும் எந்தக் குறைச்சலும் இல்லை. ஆனால் பெற்ற மனசு கேட்குமா? இரண்டாவது வாரம், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு வாளியிலும் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். மூடியைப் போட்டுவிட்டு, பேப்பரில் படம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தேன்.

வந்து தூக்கினாள். ஒரு நொடி நின்றாள். பிறகு எண்ண ஆரம்பித்தாள். கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குள் ஒரே குஷி.

எட்டு நாள் கழித்துத்தான் சுவரைக் கவனித்தேன். எத்தனை கோட்டிங் அடித்தோம் என்று சுவரோரம் பென்சிலால் குறித்து வைப்பது பெயிண்டர்கள் வழக்கம். அதே மாதிரி ஜன்னல் பக்கத்தில் வாளி தூக்கின கணக்கை நாள்வாரியாகக் குறித்திருந்தாள். எழுத்துத்தான் எனக்குத் தடுமாறும், எண் தடுமாறாது. பத்து, பத்து, பத்து. அப்புறம் இருபது, இருபது, இருபது.

"ஏம்மா, திடீர்னு இருபது?"

"நீ தண்ணியக் கொட்டின நாள்லேர்ந்து."

என் முகம் போன போக்கைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "இருபது வருஷமா வாளி தூக்கறேன்ப்பா. ஒரு சொம்பு குறைஞ்சாலே கை சொல்லிடும். நீ பாதியக் கொட்டிட்டு ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி உக்காந்திருக்கே."

"தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா வாளியையே ஒளிச்சு வெச்சிருப்பே. அதுக்கு இது தேவல."

மறுநாள் நானே கோடுவரை நிரப்பி வைத்தேன். ஒரு டம்ளர் குறைத்தேன்தான். அதையும் கண்டுபிடித்து ஒரு தடவை கூடுதலாகச் செய்தாள், கழுதை.

சோதனை நாள் வந்தது. கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அரை நிமிஷத்தில் பன்னிரண்டு தடவை உட்கார்ந்து எழணும். ஒன்பதுவரை மடமடவென்று போனாள். பத்தில் வலது முழங்கால் ஆட ஆரம்பித்தது. வாசலில் நின்ற நான் கதவுப் பிடியைப் பிடித்த பிடியில் அது வளையாததுதான் ஆச்சரியம். பதினொன்று. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்ச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தாள். பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். பல்லைக் கடித்தாள். பன்னிரண்டு.

"தேதி மாறாது," என்றாள் பிசியோ அம்மா.

ஒரே மூச்சில் இரண்டு மூட்டையைத் தோளில் வாங்கினவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முழு உடம்பு இருந்தது. உடைந்த இடத்தைச் சுற்றி வந்து பலம் சேர்த்த ஆளை இவள் ஒருத்தியைத்தான் பார்த்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிக்கொள்ளும்.

"பாத்தீங்களா பெரியவரே, பயிற்சியோட பலனை? நீங்களும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறீங்க. திங்கக்கிழமை வாங்க," என்றாள் பிசியோ அம்மா.

"பயிற்சியாவது ஒண்ணாவது. அது அவ பிடிவாதம்மா. நாற்காலிக்குப் பதிலா மலையைக் காட்டியிருந்தாலும் ஏறியிருப்பா."

"வாப்பா, ஒரு தடவை செஞ்சுதான் பாரேன்," என்றாள் மகள், முகத்தைத் துடைத்தபடி.

"நீ மெதுவா வா. நான் போய் வண்டி பாக்கறேன்."

நடையைக் கட்டினேன். பின்னால் இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. சிரிக்கட்டும். எண்ணி எண்ணி உட்கார்ந்து எழுந்தால் பலம் வருமாம். யாரிடம் கதை விடுகிறார்கள்?