பந்து உருட்டுகிற தரை

மருதை இடிகட்டையைத் தூக்கிக் கல்தூளின் மேல் போட்டார். மகள் யோகலெச்சுமி பின்னாலேயே வாளியிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தாள். இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவின் பின்வளவு அது. வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பங்களாவைக் கொழும்பு முதலாளி ஒருவர் குத்தகைக்கு எடுத்து, சுனாமிக்கு அடுத்த வருடம் விடுதியாக்கியிருந்தார். சனிக்கிழமை சிநேகிதர்களோடு வருகிறார். அதற்குள் அவர்கள் கோல்ஃப் பந்து உருட்டி விளையாட, பிளாஸ்டிக் புல் விரித்த தரை ஒன்று தயாராக வேண்டும்.

அந்த வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்துப் பதுளையிலிருந்து வந்த ஸனூஸ் ஒரு வெள்ளைப் பந்தைத் தரையில் விட்டார். அது பாதித் தூரம் போய், இடப்பக்கம் திரும்பி நின்றது.

"பாருங்கண்ணே. நம்ம கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அதுக்குத் தெரியுது."

"இந்த மலையில தேயிலையே நேரா நிக்காது மொதலாளி. பந்து எங்க நேரா ஓடப்போவுது?" என்றார் மருதை.

"ஓடணும். இன்னும் இடிங்க."

மருதை மறுபடி இடித்தார். நேற்றும் இதே பந்து இதே பக்கம்தான் திரும்பியது. நிரப்பினால் வேறொரு இடத்தில் பள்ளம் கண்டது.

ஸனூஸ் முன்பக்கம் போனதும் யோகலெச்சுமி வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, விடுதி மேனேஜரையா நெசமாவே என்னைய எடுப்பாரா?"

"வேல சுத்தமா முடிஞ்சா ரூம் கூட்டுற வேலைக்கு எடுக்குறேன்னு சொன்னாருல்ல."

"கொழும்பு வீட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போக ஞாயித்துக்கெழம ஜெனீராம்மா வேன் கொண்டாருவாங்களே."

"பங்களாவுல வேல கெடச்சிருச்சுன்னு சொல்லி அனுப்பிருவோம். தண்ணியத் தெளி."

அவள் தெளிக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்குப்பா. பக்கத்து வீட்டு செல்வராணிய அவங்கதான் கொழும்புல வீட்டு வேலைக்குக் கொண்டுபோயி விட்டாங்க, ரெண்டு தீவாளி ஆச்சு. அவ அம்மா எப்ப போன் பண்ணுனாலும் அவ தூங்குறான்னு அந்த வீட்டுக்காரங்க சொல்றாங்களாம். பகல்லயும் தூங்குறாளாம்."

மருதை கட்டையைத் தூக்கினார். அது விழுந்த சத்தம் எதிர்மலையில் கேட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புல்லை விரித்தார்கள். விளிம்புக்குப் பசை பூசி, மேலே மணல் தூவி, விளக்குமாற்றால் எதிர்த்துக் கூட்டினார்கள். ஸனூஸ் விட்ட பந்து கோடு போட்டதுபோல் ஓடிக் குழிக்குள் விழுந்தது. அவர் சிரித்தபடி மேனேஜரைக் கூப்பிடப் போனார்.

மருதைக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் தேயிலைச் செடிகளைக் கழித்துவிடும் கவ்வாத்துக்காரர். தேயிலையில் கத்தி படுமுன்னே கவ்வாத்துச் சாமிக்குச் சூடம் காட்டாமல் எந்த மலையிலும் அவர் வேலை தொடங்கியதில்லை. இந்த வேலையில் ஸனூஸின் அவசரத்தில் அது விட்டுப்போயிற்று. பந்து அத்தனை நாள் திரும்பியதும் அதனால்தான் என்று அவருக்குத் தோன்றியது.

"இங்க வா புள்ள. ஒனக்காகத்தான். கும்பிட்டுக்க."

மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, மலையில் மண்மேல் வைப்பதுபோலவே புல்மேல் வைத்தார். அதில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். யோகலெச்சுமி கண்ணை மூடினாள். கண்ணைத் திறக்க வைத்தது ஒரு நாற்றம்.

"அப்பா! புல்லு உருகுது!"

மருதை உள்ளங்கையால் அமுக்கினார். நெருப்பு அணைந்தது. உருகிய பிளாஸ்டிக் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. புல்லில் பாக்களவுக்கு ஒரு கறுப்பு.

மேனேஜர் ஸ்ரீஸ்கந்தராஜாவும் ஸனூஸும் அப்போதுதான் வந்தார்கள்.

"யா அல்லாஹ்! பிளாஸ்டிக்கண்ணே இது! புல்லுன்னா நெனச்சீங்க?"

"புல்லு இல்லேன்னு தெரியும் மொதலாளி. கீழ இருக்கது மண்ணுதானேன்னு வெச்சுட்டேன்."

"இதென்ன, கோயிலே?" என்றார் மேனேஜர். "நாளைக்கு முதலாளி வாறார். என்ன செய்து வச்சிருக்கிறியள்?"

ஸனூஸ் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்தார். மிச்சத் துண்டில் அதே அளவு வெட்டி, புல் சாயும் பக்கம் பார்த்து ஒட்டினார். மணல் தூவிக் கூட்டியபின் மேனேஜர் காலில் போட்டிருந்த சப்பாத்தால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். எந்த இடம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

"இப்பத் தெரியலீங்களே ஐயா," என்றார் மருதை. "புள்ளைய நாளையில இருந்து அனுப்பட்டுங்களா?"

"நெருப்போட விளையாடுற ஆக்களை அறைகளுக்குள்ள விட ஏலாது."

"கொளுத்துனது நானுங்க. புள்ள ஒண்ணும் செய்யலீங்க."

"உம்மட பிள்ளைதானே."

மருதை ஸனூஸைப் பார்த்தார். ஸனூஸ் பசை டின்னின் மூடியைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மிஞ்சிய மணல் மூட்டைகளைத் தூக்க அப்பாவும் மகளும் வந்தார்கள். மருதையின் கையில் துணி சுற்றியிருந்தது. யோகலெச்சுமியின் கண்கள் வீங்கியிருந்தன. விடுதி உடுப்புப் போட்ட ஒரு புதுப் பிள்ளை தட்டில் கிளாசுகளோடு நின்றாள். முதலாளியும் சிநேகிதர்களும் பந்து உருட்டினார்கள்.

தடித்த ஒருவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்து, எரிய எரியப் புல்லின்மேல் வைத்துவிட்டுக் குனிந்து பந்தைத் தட்டினார். பந்து குழிக்குள் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் திரும்பியபோது புல்லிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"அடடா," என்று சிரித்தார் அவர். முதலாளியும் சிரித்தார்.

மேனேஜர் ஓடி வந்தார். "பரவாயில்லை சேர், பரவாயில்லை. பக்கத்தில ஆஷ்ட்ரே வைக்காதது என்ர பிழை."

சுருட்டு கிடந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு உருகிக் கிடந்தது. மேனேஜர் அதை மறைத்துக்கொண்டு நின்று, மூட்டைப் பக்கம் கையசைத்தார்.

"மருதை, படியில இருக்கிற பூச்சட்டியைக் கொண்டுவந்து இதில வையும். பிள்ளையும் ஒரு பக்கம் பிடிக்கட்டும்."

இருவரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு புல்லின் விளிம்புவரை வந்தார்கள்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ," என்றார் மேனேஜர்.

சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். மருதை துணி சுற்றிய கையை அடியில் கொடுத்துத் தூக்கினார். புல்மேல் நின்ற சப்பாத்துக் கால்கள் கொஞ்சம் விலகி வழிவிட்டன.