முதலில் பால்

'சாட்டர்ன் ரோடு' பத்திரிகை ஆசிரியர் டெஸ்மண்டுக்கு லயனல் மீது சந்தேகம் வந்தது அந்த ஓவர்கோட்டைப் பார்த்த அன்றுதான். விண்வெளிக் கதை எழுதி லண்டனில் வயிற்றைக் கழுவுகிறவருக்கு அப்படியொரு கோட்டு எங்கிருந்து வரும்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, காகிதத்துக்கு ரேஷன் இருந்த காலத்தில் தொடங்கிய பத்திரிகை அது. இரண்டு முறை படுத்து, இரண்டு முறையும் எப்படியோ எழுந்துகொண்டது. இப்போது அதன் உயிர் லயனலின் தொடர்கதையில் இருந்தது. கடைசிப் பகுதி வராவிட்டால் அடுத்த இதழ் கிடையாது என்று அச்சகத்து முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். லயனலோ இன்னும் அதைக் கொடுத்தபாடில்லை.

இந்த நேரம் பார்த்துப் போட்டிப் பத்திரிகையில் ஒரு கதை, கேள்விப்படாத பெயரில். புனைபெயருக்குப் பஞ்சமில்லாத தொழில் இது. ஒரே ஆள் ஒரே இதழில் மூன்று பெயரில் எழுதுவதுண்டு. அந்தக் கதையில், செவ்வாய்க் கிரகத்துக் கூடாரத்தில், விண்கப்பல் தலைவர் கோப்பையில் முதலில் பாலை விட்டு அதன்மேல் டீயை ஊற்றினார். லயனல் கதைகளில் வரும் தலைவர்களும் அதையேதான் செய்வார்கள். ஆள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்று டெஸ்மண்ட் முடிவுகட்டினார்.

வியாழக்கிழமை மாலை, கதைக்காரர்கள் வழக்கமாகக் கூடும் பப்புக்கு லயனல் தாமதமாக வந்தார். கோட்டுக்குள் எதையோ கையால் அணைத்துப் பிடித்திருந்தார். டெஸ்மண்டுக்கு அதுவும் உறுத்தியது.

“என்ன லயனல், கோட்டு புதுசா? எதிர்க்கட்சிக்காரன் வாங்கிக் குடுத்தானா?”

“செத்துப்போன மச்சினனோடதுப்பா. தோள்ல பிடிக்குது பாரு.”

டெஸ்மண்ட் நம்பவில்லை. பீர் கிளாஸ்களுக்கு நடுவே அந்த இதழை வீசினார்.

“அப்ப இது யாரு எழுதினது? முதல்ல பாலு, அப்புறம் டீ! உன்னை விட்டா எவன் இப்படி எழுதுவான்? உனக்கு மட்டும்தான் எழுதுவேன்னு சொன்ன வாய்தானே இது?”

லயனல் நிதானமாகச் சொன்னார்:

“நான் டீயே குடிக்கிறதில்ல டெஸ்மண்ட். ‘சூடா ஏதோ குடிச்சாங்க’ன்னுதான் எழுதுவேன். அச்சுல வர்றப்ப டீயாகியிருக்கும். நீ வீட்டுல குடிக்கிற மாதிரியே நீதான் மாத்துறே. எல்லார் கதையிலயும் மாத்துறே.”

“நானா?”

மூலையில் இருந்த ஐவி கிரவுச் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். இரண்டு கதை எழுதியிருக்கும் புது எழுத்தாளர் அவள்.

“அந்தக் கதை என்னோடது சார், புனைபெயர்ல போட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, போன வருஷம் உங்களுக்குத்தான் முதல்ல அனுப்பினேன். பூராத்தையும் திருத்திட்டு, இடமில்லன்னு நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க. திருத்தம் நல்லா இருந்துச்சு. அப்படியே டைப் பண்ணி அங்க குடுத்துட்டேன்.”

“செவ்வாய்க் கிரகம் பூரா டெஸ்மண்ட் வீட்டு அடுப்படிதான் போல!” என்று யாரோ சொல்ல, பப்பே சிரித்தது. லயனல் மட்டும் சிரிக்கவில்லை. டெஸ்மண்டுக்கு வெட்கத்தில் காது எரிந்தது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதில், வீசிய இதழை எடுத்து மடித்துப் பைக்குள் திணித்தார்.

லயனல் கோட்டுக்குள்ளிருந்து தடித்த உறையொன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

“கடைசிப் பகுதி. சொன்னபடி குடுத்துட்டேன். இதோட சரி.”

அவர் போனபின் டெஸ்மண்ட் உறையைப் பிரித்தார். பழக்கதோஷத்தில் கை பென்சிலைத் தேடி எடுத்தது. இரண்டாம் பக்கத்தில் கப்பல் தலைவர் கோப்பையை எடுத்தார். முதலில் பாலை விட்டார், பிறகு டீயை ஊற்றினார். நண்பனுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று லயனலே இம்முறை அப்படி எழுதிவிட்டிருந்தார்.

டெஸ்மண்ட் பென்சிலைக் கீழே வைத்தார். அடுத்த இதழ் வந்துவிடும். லயனல் வரமாட்டார்.